அப்பாவுக்காகச் சுட்ட ரொட்டி

தலைத்திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள், கூடவே ஒரு காகிதப் பொட்டலமும் வாங்கியிருப்பீர்கள். அதை இப்போதே பிரிக்க வேண்டாம். இதைப் படித்து முடித்துவிட்டுப் பிரித்தால் போதும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசியதில்லை. கல்யாண வீட்டில்கூட அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். இன்னொருவர் சில பக்கங்களையே எடுத்துவிடச் சொன்னார். அதை நான் செய்யவில்லை.

அப்பா அறந்தாங்கிக்குப் பக்கத்தில், சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்தார்கள். பத்து வயதில் தாயாரை இழந்தார்கள். பதினாறு வயதில் மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்போது மில் எண்ணெய் இன்ஜினில் ஓடியதாம். கரண்டு வந்த பிறகும் அதே மில், அதே அப்பா. புருவம், காது முடி எல்லாம் எந்நேரமும் வெள்ளையாக இருக்கும். பெண் பார்க்க வந்தபோது அம்மாவைப் பெற்றவர், "மாப்பிள்ளை கிழவராவுல்ல இருக்காரு" என்று எழுந்துவிட்டாராம். அப்பா குளித்துவிட்டு வந்து நின்ற பிறகுதான் திரும்ப உட்கார்ந்தாராம்.

இரண்டு விரலால் மாவைத் தேய்த்துப் பார்த்தே, அரைக்கிற கல் சூடேறிவிட்டதா என்று அப்பா சொல்லிவிடுவார்கள். ஊரார் வீட்டுக் கோதுமையை அறுபது வருஷம் அரைத்தவர்கள், ஒரு பிடி மாவு வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. சிந்தியதைக் கூட்டியெடுத்து, போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் ஒரே பிள்ளை. என் வீட்டுக்காரர் வேறு பெண்ணைச் சேர்த்துக்கொண்டபோது, இடுப்பில் குழந்தையோடு அப்பாவிடம் வந்தேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை. சமாதானம் பேசி என்னைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா கேட்டது ஒரே கேள்வி. "அரைச்ச மாவைத் திரும்பக் கோதுமையாக்கத் தெரிஞ்சவுக யாராச்சும் இருக்கீகளா?" அப்பாவே தொடர்ந்தார்கள். "அப்படின்னா அவ இங்கதான் இருப்பா."

மகளைப் படிக்க வைக்க, ஐம்பது வயதுக்கு மேல் நான் மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டேன். அப்போதும் பேச்சுத்தான். பெரியப்பா மகன், என் அண்ணன், அப்பாவிடமே கேட்டார்.

"பொம்பளைய வெளிநாட்டுக்கு அனுப்பி, அந்தக் காசுல திங்கப் போறீகளா சித்தப்பா?"

"திங்க எனக்குப் பல்லு எங்கப்பா இருக்கு? அவ மகளுக்கு இருக்கு" என்றார்கள் அப்பா. என் பக்கம் திரும்பி, "போயிட்டு வா ஆத்தா. எவனாச்சும் கேட்டா மில்லுக்கு வந்து என்னையக் கேக்கச் சொல்லு" என்றார்கள்.

மஸ்கட்டில் எனக்கு வாய்த்தது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் அம்மா. நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். தனியாள், நல்ல மனசு. வெள்ளிக்கிழமை லீவு. அன்று ரூவி கடைத்தெருவுக்குப் போய், கீழக்கரைப் பாய் ஒருவரின் மளிகைக் கடையிலிருந்து அப்பாவுக்கு போன் பேசுவேன். இங்கே மில் போன்தான். நான் கூப்பிட்டால் முதலாளி பெல்ட்டைக் கழற்றி மெஷினை நிறுத்திவிட்டு, அப்பாவிடம் ரிசீவரைக் கொடுப்பார். தகர டின்னோடு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எடுத்துவிடச் சொன்ன பக்கம் இனிமேல்தான் வருகிறது.

நான் போன இரண்டாம் வருஷம், ஆகஸ்ட் முதல் தேதி. நம் கணக்கில் ஆடி. மேடம் காலையிலிருந்து ஜன்னல் திரையை எல்லாம் இழுத்து மூடினார். மேஜையில் காய்ந்த கோதுமைக் கதிர் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினார். ஓவனிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தார். அதற்குக் கை இருந்தது, கால் இருந்தது, உலர்ந்த திராட்சையில் கண் இருந்தது. மாவில் மனுஷ உருவம் என்றால் நம் பக்கம் எதற்குச் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். செய்வினைதான் என்று பயந்துபோனேன். பெட்டியைக் கட்டிவிடலாம் என்று நினைத்து அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

மேடம் தேடி வந்தார். "கம், கம்" என்றார்.

"நோ மேடம். ஐ இந்து" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அடுப்படித் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி இங்கிலீஷிலும் பாதி ஹிந்தியிலும் விளக்கினார். அவருடைய மதத்துக்கு விக்கா என்று பெயராம். அவர்களை சூனியக்காரிகள் என்று அவர் ஊரிலேயே பேசுவார்களாம். அவர்கள் நாட்டில் முதல் அறுவடை அந்த நாளில்தானாம். தானியமும் ஒரு சாமியாம். அவர் அப்பனைப் போல நின்று, பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்று தன்னை அறுக்கக் கொடுக்கிறாராம். அதனால் அன்றைக்கு அவரவர் தகப்பனுக்கு நன்றி சொல்வது தன் வழக்கம் என்றார். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆடியில் போய் அறுக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது.

"மேடம் ஃபாதர் கஹான்?" அப்பா எங்கே என்று கேட்டேன்.

செத்துப்போனாராம். இந்த மதத்துக்குப் போனதால் சாகும்வரை மகளிடம் பேசவில்லையாம்.

"பேசாத ஃபாதருக்கா தேங்க்யூ?"

"ஹி கேவ் மீ பிரெட்" என்றார் மேடம். சோறு போட்டாரே என்கிறார்.

ரொட்டியில் கத்தி வைக்கக் கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும் என்றார். முதல் துண்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் வைத்தார். எங்கிருந்தோ ஒரு காக்காய் வந்து எடுத்துக்கொண்டு போனது. அமாவாசைச் சோற்றுக்கு நம் வீட்டு ஓட்டில் வந்து உட்காருமே, அதே காக்காய்தான். என் பயம் அதோடு போனது.

"நௌ யூ. தேங்க்யூ ஃபாதர்" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. அசலாருக்குத்தான் நன்றி சொல்வோம். பெற்றவருக்குச் சொன்னால் அவரை அசலாராக்கியது போல ஆகாதா? மேடம் விடவில்லை. உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு போனில் சொல்லலாமே, எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்றார்.

வெள்ளிக்கிழமை பாய் கடையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன அக்கா, கார்டு ஓடுது, நீங்க பேசாம நிக்கிறீங்க" என்றார் பாய். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"என்னாத்தா? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாருக்கேம்ப்பா."

"வேலைய விட்டு நிப்பாட்டிட்டாகளா?"

"இல்லப்பா. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு…"

"எதுக்கு?"

"என்னையத் திருப்பி அனுப்பாம வச்சுக்கிட்டதுக்கு."

அப்பா, இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்கள். மேடத்தையும் ரொட்டியையும் பற்றிச் சொன்னேன்.

"எந்த மாவுல சுட்டாக?"

"கடை மைதாப்பா."

"மைதாவுல எங்கேருந்து ஆத்தா அப்பன் வருவான்? அதான் தவிட்டையெல்லாம் எடுத்துட்டானே. முழுக் கோதுமைய அரைச்ச மாவு வாங்கச் சொல்லு அந்த அம்மாவை."

சொன்னேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருஷத்திலிருந்து பாய் கடையில் சொல்லிவைத்து முழு மாவு வாங்கினோம். நான் அங்கே இருந்தவரை வருஷாவருஷம் சுட்டோம், வருஷாவருஷம் அப்பாவிடம் சொன்னேன். ஆடி பிறந்தாலே அப்பா வெள்ளிக்கிழமை காலையிலேயே போன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று மில் முதலாளி பிறகு சொன்னார்.

டின்னோடு நின்றவர்கள் அப்பாவிடம் விசாரித்துக் கேட்டதை ஊரில் போய்ச் சொல்லாமல் இருப்பார்களா? சூனியக்காரி வீட்டு ரொட்டியைத் தின்கிறாள், மதம் மாறிவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. அண்ணன் அதை அப்பாவிடமே கொண்டுபோனார். "நீ உன் அப்பனுக்கு என்னைக்காச்சும் இப்படி ஒரு வார்த்தை சொல்லிருக்கியாப்பா?" என்று அப்பா கேட்டார்களாம். நான் மதம் மாறவில்லை. மாறிவிட்டேன் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அப்பாவுக்குக் கண் மங்கியபோது வேலையை விட்டு வந்துவிட்டேன். கடைசி மூன்று வருஷமும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஆடி பிறந்தால் குக்கரில் மணல் போட்டு, சின்னதாக ஒரு உருவம் சுடுவேன். அப்பா கையால் தடவிப் பார்த்து, "காலைப் பிட்டுக் குடு. நடந்து போகணும்ல" என்பார்கள். பாலில் ஊறவைத்துக் கொடுப்பேன். கடைசி ஆடியில் இரண்டு காலையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தை பிறந்து, பொங்கல் கழிந்த நாலாம் நாள், தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

பெண் கொள்ளி வைக்கக் கூடாது என்றார்கள். சுடுகாட்டுக்கு வரவும் கூடாது என்றார்கள். தெருமுனையோடு என்னை நிறுத்தினார்கள். நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காகச் சபையில் பேசிய மனிதர் என்னைத் தாண்டிப் போகிறார், நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இந்த ஒரு வருஷமாக நான் தூங்காததற்குக் காரணம் அப்பா போனது மட்டும் இல்லை; அந்தத் தெருமுனையும்தான்.

அதனால்தான் மலர் போடுவது என்று முடிவானபோது, நான் எழுதுகிறேன் என்று நானே சொன்னேன். அண்ணன் வாசித்துப் பார்த்துவிட்டு, மஸ்கட் பக்கத்தை எடுத்துவிடு, சித்தப்பா பெயருக்குக் களங்கம் என்றார். ரொட்டியும் கொடுக்கப் போகிறேன் என்றதும் இன்னும் கோபம்.

"துக்க வருஷம்னு பொங்கலே வைக்கல. நீ ரொட்டிப் பண்டிகை கொண்டாடுறியா?"

"பொங்கல் வைக்கக் கூடாதுன்னுதானே அண்ணே சொன்னீக. ரொட்டியைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

என் ஆயுளில் அவரை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். "சித்தப்பா மாதிரியே பேசுற" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

மேடத்தின் நாட்டில் அறுப்பு ஆடியில். நமக்கு அறுப்பு தையில்தான். எனவே நாளும் தப்பவில்லை.

மெஷினை நிறுத்தி அப்பாவைப் பேச வைத்த மில் முதலாளிக்கும், கடைசிக் காலத்தில் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட வந்த நர்ஸ் பிள்ளைக்கும், ரூவிக் கடைப் பாய்க்கும், எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாத என் மேடத்துக்கும், முகம் சுளித்தாலும் முறை தவறாமல் கொள்ளி வைத்துக் காரியம் செய்த அண்ணனுக்கும் என் நன்றி. நீங்கள் எல்லாரும் அசலார் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லிப் பழகிவிட்டது.

இனி பொட்டலத்தைப் பிரியுங்கள். அப்பா வேலை பார்த்த மில்லில் தவிட்டோடு அரைத்த முழுக் கோதுமை; பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் சுட்டது. கையும் காலும் இருக்கும். பயப்பட வேண்டாம், அது அப்பா. கத்தி வைக்காமல் கையால் பிட்டு, அவரவர் தகப்பனை நினைத்துச் சாப்பிடுங்கள்.

இது சூனிய ரொட்டி, எனக்கு வேண்டாம் என்கிறவர்கள் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுவரில் காக்காய்க்கு வைத்துவிடுங்கள். அப்படி வைத்தாலும் அப்பாவுக்குத்தான் போய்ச் சேரும்.