போகாத கதிர்க்குருவி

எங்கள் பறவைச் சங்கத்தில் தொலைநோக்கியைத் துறைமுகப் பக்கம் திருப்பாத ஒரே ஆள் நான்தான். கடற்படைக்காரர் கூப்பிட்டு விசாரித்தால் என்ன சொல்வது? எட்டாம் வகுப்போடு நின்றவன் குருவி பார்க்க வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் அன்புவழிபுரத்தில் என் வீட்டு வளவிலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு பூவரச மரத்தைப் பார்த்தபடி இருந்துவிடுவேன்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். அவருடைய படகு இயந்திரத்தைத் திருத்தப் போய் நான் அங்கத்தவன் ஆனேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு கொக்கு கொக்காகும். மாசி மாதம் என் வளவுக்கு வந்தார். பூவரசில் இலைக்கு இலை தாவிய பச்சைக் குருவியைத் தேநீர் ஆறுவதற்குள் பார்த்து முடித்தார்.

“கதிர்க்குருவி. இமயமலைப் பக்கத்து ஆள். பங்குனி முடிய முன்னம் திரும்பிப் போயிடும். எழுதும்.”

“தலை சிவப்பாய்க் கிடக்குது, ஐயா,” என்றாள் கோப்பை எடுக்க வந்த என் மனைவி.

“அது வெயில், பிள்ளை.”

எழுதினேன்.

பங்குனி முடிந்தது. கிண்ணியாவில் பார்த்த சங்கத்தார் எல்லாரும் தங்கள் கதிர்க்குருவிகள் கிளம்பிவிட்டதாக அறிவித்தார்கள். என்னுடையது வருடப் பிறப்பு கழிந்தும் நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இறகில் காயமோ? வழி மறந்துவிட்டதோ? தண்ணீர்ச் சட்டி வைத்தேன். பூனையைத் துரத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

“என்ன, உம்மட ஆளுக்கு இன்னும் விசா வரேல்லையோ?”

“பகிடி விடாதீங்கோ, அண்ணன். வடிவாய்ச் சாப்பிடுற மாதிரியும் தெரியேல்ல.”

“ஏஜென்ட் ஏமாத்திப்போட்டானாக்கும்.”

தலைவருக்கோ ஒவ்வொரு நாளும் கொண்டாட்டம். இந்த மாவட்டத்தில் இவ்வளவு பிந்தி ஒரு கதிர்க்குருவி நின்றதே இல்லையாம். “இன்னும் நிக்குதோ?” என்று விடிந்ததும் தொலைபேசியில் கேட்பார். நான் அழாக்குறையாக “ஓம், ஐயா” என்பேன். “கெட்டிக்காரன்!” என்பார். குருவியையா, என்னையா என்று கேட்கப் பயம்.

ஒரு நாள் உடுப்புக் காயப் போட்ட மனைவி கூப்பிட்டாள்.

“இஞ்ச வாங்கோ. உங்கட இமயமலைக்காரர் இலை தைச்சு வச்சிருக்கிறார்.”

இரண்டு பூவரச இலைகள் விளிம்போடு விளிம்பு பஞ்சு நூலால் தைக்கப்பட்டிருந்தன. உள்ளே மூன்று முட்டைகள். தையல்சிட்டு! வருடம் முழுவதும் எல்லார் வேலியிலும் நிற்கிற, கடல் தாண்டியே அறியாத ஊர்க்குருவி. இதற்கா இத்தனை நாள் நித்திரை கெட்டேன்? வெட்கத்தோடு தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“ஐயா, பிழை நடந்துபோச்சு. அது கூடு கட்டியிருக்கு.”

“கூடோ? தம்பி, கதிர்க்குருவி இலங்கையில கூடு கட்டினதாய்ச் சரித்திரமே இல்லை!”

“அதுதான் ஐயா, அப்ப அது...”

“ஒருத்தருக்கும் சொல்லாதேயும்! ஞாயிற்றுக்கிழமை கொழும்பு ஆக்கள் இருபது பேரோட வாறன். படம் எடுக்க மறைக்கிற கொப்புகளை வெட்டி விடும்.”

வைத்துவிட்டார். கொப்பை வெட்டினால் காகம் கூட்டைக் கண்டுவிடும். இருபது பேர் சுற்றி நின்றால் தாய்க்குருவி முட்டைகளை விட்டுப் போய்விடும். தையல்சிட்டு என்று அடித்துச் சொன்னாலோ, இல்லை என்று நிரூபிக்க ஏணியோடு வருவார்.

“குருவி பறந்து போயிட்டுது எண்டு சொல்லுங்கோ,” என்றாள் மனைவி.

“பொய்யெல்லே?”

“நீங்கள் சொன்ன உண்மை அவருக்கு விளங்கினதோ?”

மறுநாள் காலை அவர் அழைத்ததும் சொன்னேன். “ஐயா, குருவி போயிட்டுது. அது கூடும் இல்லை, சிலந்தி வலை. எனக்குத்தான் பிழைச்சுப்போச்சு.”

இதை அவர் உடனே நம்பினார்.

“உம்மட கண்ணை நம்பினது என்ர பிழை. எத்தனை மணிக்குப் போனது?”

“ஆறு பத்துக்கு.”

“எந்தப் பக்கம்?”

குருவி வாலை நிமிர்த்திக்கொண்டு உடுப்புக் கொடியிலிருந்து கூட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“வடக்கால, ஐயா,” என்றேன்.

“அது சரி,” என்று எழுதிக்கொண்டார்.