எதிர்வீட்டு உறவு

அபுதாபியில் என் மளிகைக் கடை இருந்த தெருவில் இரண்டு தூதர்களின் வீடுகள் எதிரெதிரே இருந்தன. ஒருவர் ஐரோப்பிய நாட்டுக்காரர், மற்றவர் தென் அமெரிக்க நாட்டுக்காரர். ஐரோப்பியருக்குக் கார் ஓட்டியவன் கார்மேகம். பரமக்குடிப் பக்கம். கல்யாணமான மறுமாதமே விமானம் ஏறியவன். அதன்பிறகு மனைவி நாகவள்ளியை லீவில் மட்டும்தான் பார்த்தான். பிள்ளைகள் இல்லை.

2005இல் எதிர்வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். கார்மேகம் தயங்கித் தயங்கித் தன் தூதரிடம் சொன்னான். அவர் ஒரு விருந்தில் எதிர்வீட்டுக்காரர் காதில் போட்டார். நாகவள்ளிக்கு விசா வந்துவிட்டது. அந்த இரண்டு நாடுகளும் அப்போது அவ்வளவு சிநேகம்.

இரவில் அவரவர் முதலாளி வீட்டில்தான் படுக்கை. ஆனாலும் சாயங்காலம் இருவரும் என் கடைக்குச் சேர்ந்து வருவார்கள். எது வாங்குவதென்று வெகுநேரம் பேசிவிட்டு, கடைசியில் ஒரு மோர் பாக்கெட்டோடு போவார்கள். வெள்ளிக்கிழமை கடற்கரை. “கல்யாணம் இப்பத்தான் நடந்த மாதிரி இருக்கு பாய்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு ஐரோப்பிய நாட்டுப் போலீஸ் தேடிய ஒருவனுக்குத் தென் அமெரிக்க நாடு அடைக்கலம் கொடுத்தது. அங்கே இருந்த தன் தூதரை ஐரோப்பிய நாடு திரும்ப அழைக்க, பதிலுக்கு அவர்களும் தங்கள் தூதரை அழைத்துக்கொண்டார்கள். அபுதாபியில் எங்கள் தெருவில் இருந்த இரு தூதர்களும் பார்த்தால் தலையசைப்பதைக்கூட நிறுத்தினார்கள்.

கார்மேகத்தைத் தூதரகத்தில் கூப்பிட்டு, “உன் மனைவி எங்கே வேலை செய்கிறாள்?” என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாததல்ல. அதே வாரம் எதிர்வீட்டு மேடம் நாகவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். மேலிடத்து உத்தரவு, விசா கேன்சல்.

போகும் முன் நாகவள்ளி கடைக்கு வந்தாள். “நாங்க என்னண்ணே தப்புப் பண்ணோம்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணலம்மா” என்றேன்.

மறு வருடமே நாடுகள் சமாதானமாகிவிட்டன. எதிர்வீட்டில் பெரிய விருந்து. தன் தூதரைக் கொண்டுவந்து இறக்கிய கார்மேகம், மேடத்திடம் மனைவிக்காகக் கேட்டான். நாகவள்ளி இடத்துக்கு ஒரு இலங்கைப் பெண் வந்திருந்தாள். “அவளை எப்படி அனுப்புவேன்?” என்றாள் மேடம். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை. குடும்ப விசா எடுக்க டிரைவர் சம்பளம் போதாது. வேறு வீடுகளில் விசாரித்தோம். எதுவும் அமையவில்லை.

அந்த வருட லீவு முடிந்து திரும்பியவன், வேலையில் சேர்ந்த அன்றே என் கடைக்கு வந்தான்.

“வீட்ல எப்படி இருக்காங்க?”

“நல்லாத்தான் இருக்கா பாய். பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல சமைக்கப் போறா. எனக்கு ஒண்ணும் குறை வைக்கல. விருந்தாளியக் கவனிக்கிற மாதிரி கவனிச்சா. போய் இறங்குன அன்னைக்கே, ‘எப்பங்க திரும்பிப் போறீங்க’ன்னு கேட்டா. கோவமா கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல பாய். சாதாரணமாத்தான் கேட்டா.”

வெளியே தூதரின் கார் நின்றிருந்தது. டூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.