பாம்புக்காதரும் அக்கா வீட்டுத் துணிக்கொடியும்

கூரையில் சோலார் பேனல் மாட்டுகிறவர்களிடம் 'பாம்புக்காதர்' என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு சரி.

கூரைக்கு அடியில் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று மற்றவர்கள் அளவு நாடாவை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருப்பார்கள். இவர் விரலை மடக்கி நாலு தட்டு தட்டிப் பாம்புக் காதைக் கொடுத்துக் கேட்பார். டொம்மென்றால் வெற்றிடம், டக்கென்றால் சட்டம். அந்த இடத்தில் ஸ்குரூவை இறக்கினால் புயலே வந்தாலும் பேனல் அசையாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருதரம்கூடத் தப்பியதில்லை. இதை அவரே சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அதிலும் அவரே பேனல் மாட்டிய அக்கா வீட்டுக் கூரையென்றால் வாய் ஓயாது. "எங்க தட்டினாலும் டக்குன்னுது. முழுக்க மரம்!" ஸ்குரூ மட்டும் கொஞ்சம் லேசாக இறங்கியது. மரம் இளசு போல என்று விட்டுவிட்டார். அது ஆச்சு நாலு வருஷம். அக்காவோ பின்பக்கம் அத்தனை வெயில் இருக்க, துணிக்கொடியை முன்பக்கத்து நிழலுக்கு மாற்றியிருந்தாள். "நிழல்ல துணி காயப்போடற புத்திசாலி உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று போகும்போதெல்லாம் வம்பிழுப்பார். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

இன்று காலை ஒரு புது வீட்டில் வேலை. ஏறித் தட்டினார். டக். ஒரு முழம் தள்ளித் தட்டினார். டக்.

"அட, எங்க அக்கா வீடு மாதிரியே இருக்கே! முழுக்க மரமா?" என்று கீழே நின்ற தச்சரைக் கேட்டார்.

"மரமா? ஒரு சட்டம்கூடக் கிடையாதுண்ணே."

தச்சர் தரையில் கிடந்த வெட்டுத்துண்டைத் தூக்கிக் காட்டினார். மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை, நடுவில் ஒரு சாணுக்கு வெள்ளை நுரை. டிவிப் பெட்டிக்குள் வைத்து வருமே, அதேதான். பலகை விரல் கனம்கூட இல்லை.

"நடுவுல அடைச்சிருக்கறதால எங்க தட்டினாலும் கெட்டியாத்தான் கேட்கும். உங்க நீட்டு ஸ்குரூ இதுல நிக்காதுண்ணே. அகலமான பாதத் தகடு வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஏழெட்டு ஸ்குரூ போட்டுப் பலகையோட பிடிக்கணும். இல்லேன்னா பெருங்காத்துக்குப் பிச்சுக்கிட்டுப் போயிடும்."

பாம்புக்காதருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா வீட்டுப் பின்பக்கச் சரிவில் பதினாலு பேனல். அதற்கு நேர் கீழே அவள் பேரன் விளையாடுகிற இடம். சாயங்காலம் பலத்த காற்று என்று செய்தியில் வேறு சொல்லியிருந்தார்கள்.

ஏணியை வண்டியில் கட்டினாரோ இல்லையோ, பறந்தார். அக்கா வீட்டுக் கூரையில் ஏறி ஓரத்துப் பேனலைத் தொட்டார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. ஸ்குரூவை விரலால் திருகிப் பார்த்தார். முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடப்பாவி, இதையா நாலு வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தோம்!

"அக்கா! பின்பக்கம் யாரும் வராதீங்க! பேனல் விழுந்துடும்!" என்று கத்தினார்.

அக்கா சுவர் மூலையோடு நின்றாள். அதைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை.

"நாங்க வர்றதில்லைடா தம்பி."

"என்னது?"

"மூணு வருஷமாச்சு. காத்தடிச்சா கடகடன்னு ஆடுது. அதான் கொடியை முன்னால மாத்தினேன். பேரனையும் இந்தப் பக்கம் விடறதில்லை."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"இந்தத் தெருவுக்கே தெரியும். உனக்குத்தான் தெரியாது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எந்த வாயால சொல்லச் சொல்றே? போற இடமெல்லாம் என் வீட்டுக் கூரையைத்தானே பெருமையா சொன்னே. வேற ஆளை வெச்சுக் கழட்டினா உன் காதுக்கு வந்துடும். அதான் காத்தடிக்கறப்ப எல்லாம் இந்த மூலையில நானே காவல் நின்னேன்."

பாம்புக்காதர் கையிலிருந்த ஸ்குரூவையே பார்த்தார். அதன் நுனியில் வெள்ளை நுரை ஒட்டியிருந்தது.

"முதல்ல அதைக் கழட்டி இறக்குடா," என்றாள் அக்கா. "இன்னிக்கும் காத்து வருதாம்."