வாசல் லைட்டும் செவ்வந்தியும்

செடி விற்பவனுடைய பாதி நாள், பூ ஏன் வரவில்லை என்று சமாதானம் சொல்லியே கழியும். ஆஸ்திரேலியாவில் டண்டினொங் பக்கம் ஒரு நர்சரியில் செவ்வந்திப் பகுதி என் பொறுப்பு. கடையில் நின்று வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், இது நம் கதைதான்.

பொங்கலுக்குப் பூ

ஜனவரி வந்தால் போதும், நம்மூர்க்காரர்கள் படையெடுத்துவிடுவார்கள். பொங்கலுக்குச் செவ்வந்தி வேண்டும், அதுவும் பூத்த செடியாக. ராத்திரி நீளமாக இருந்தால்தான் இந்தச் செடி மொட்டு வைக்கும். இங்கே ஜனவரி நடுக்கோடை, இருட்டவே ஒன்பது மணி ஆகிறது, இலைதான் கிடைக்கும், ஏப்ரல் கடைசியில் வாருங்கள் என்று தொண்டை வற்றப் பாடம் நடத்துவேன். ஐ.டி.யில் வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனில் தமிழ்க் காலண்டரைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நாளைக்கு இங்கயும் தை ஒண்ணாம் தேதிதானே பாஸ், அப்புறம் அதுக்கு என்ன கேடு?"

அம்மாவுக்கு ஒரு தொட்டி

மே மாதம் அன்னையர் தினம். இந்த நாட்டில் அன்றைக்கு அம்மாவுக்குச் செவ்வந்தி கொடுப்பது வழக்கம். எங்களுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. அந்தக் கூட்டத்தில் படிக்க வந்த பெண் ஒருத்தி ஒவ்வொரு தொட்டியாகத் திருப்பித் திருப்பிப் போன் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று சொல்லித் தொலைத்தால் எடுத்துக் கொடுப்பேனே என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

"அம்மா திருச்சியில இருக்காங்க அண்ணா, வீடியோல காட்டிட்டு நானே வச்சுக்குவேன்."

இருட்டு வேண்டும்

ஒரு மார்ச் மாதம் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். வாசலில் நட்ட செவ்வந்தி நட்ட வருஷத்தோடு சரி, அப்புறம் ஒரு பூ இல்லையாம். உரம் போட்டிருக்கிறார், நுனி கிள்ளியிருக்கிறார், எல்லாம் ஒழுங்குதான். கடைசியில்தான் வாசல் லைட்டைப் பற்றிக் கேட்டேன். ராத்திரி முழுக்க எரிகிறதாம். அதுதான் வினை, அணைத்துவிடுங்கள் என்றேன் பெரிய டாக்டர் மாதிரி.

அன்ரி மெதுவாகச் சொன்னார். அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு மகன் பெர்த்துக்குப் போய்விட்டான். போன் எடுப்பதில்லை, மெசேஜைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. போவதற்கு முன்னால் அன்னையர் தினத்துக்கு அவன் வாங்கி வந்து நட்ட செடிதான் அது. லைட் எரிவதும் அவன் போன நாளிலிருந்துதான். அப்படியானால் செடியையாவது பின்பக்கம் மாற்றுங்களேன் என்றேன். அவன் நட்ட இடத்திலிருந்து அதைக் கிளப்ப அவருக்கு மனம் இல்லை.

"லைட் எரியாட்டி வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு திரும்பிப் போயிடுவான், தம்பி."

கவிழ்த்த வாளி

எனக்கு மனசு கேட்கவில்லை. பெரிய கறுப்பு வாளி ஒன்றைக் கொடுத்து, சாயங்காலம் செடிமேல் கவிழ்த்துக் காலையில் எடுங்கள், மொட்டில் நிறம் தெரியும்வரை விடாமல் செய்யுங்கள் என்றேன். லைட்டும் எரியும், செடிக்கும் இருட்டு கிடைக்கும். மே மாதம் அன்னையர் தினக் கூட்டத்தை இடித்துக்கொண்டு அன்ரி வந்தார். போனில் படம் காட்டினார். செடி நிறைய மஞ்சள் பூ. என் பிள்ளை பாஸான மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன், மகன் வந்தானா என்று.

அன்ரி தலையாட்டி இல்லை என்றார். படத்தை அவனுக்கு அனுப்பியதாகச் சொல்லி, அந்த மெசேஜைத் திறந்து என் கண் முன்னால் பிடித்தார்.

"பதில் ஒண்டும் வரேல்ல தம்பி, ஆனா பாத்திட்டான், ரெண்டு நீல டிக்கும் விழுந்திட்டுது."

பூ வராததற்கு ஆயிரம் சமாதானம் கைவசம் வைத்திருக்கிற நான், பிள்ளை வராததற்கு ஒன்றுகூட இல்லாமல், அன்ரியிடம் வாளியை அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பில் போடப் போனேன்.