சிப்பாய் சொன்ன இன்னா

என் தையல் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் தொப்பி கிடக்கிறது. அதன் ஓரத்து நூல்வேலை நம் ஊர்க் கைவேலை அல்ல. ஆப்பிரிக்கச் சிப்பாய் ஒருவர் கிழிசல் தைக்கக் கொடுத்தது. பர்மாச் சண்டை முடிந்து, ஊர் திரும்பக் கப்பலுக்காக ஆவடி முகாமில் காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். ஜும்மாவுக்குப் பூந்தமல்லிக்கு வருவார். பள்ளிவாசலில் பழக்கமானவரை நான்தான் சாப்பிட வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அம்மாவுக்கு அவரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் அண்ணன் ரங்கூனுக்குத் தையல் வேலைக்குப் போனவன். சண்டை மூண்டதிலிருந்து கடுதாசி இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு அவன் போட்டோவை நீட்டுவாள். "இன்னா நைனா, எம்புள்ளைய பாத்தியா? இன்னா, சொல்லேன்." அவர் உடனே குந்தி உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி மெல்ல "இன்னா" என்பார். அவ்வளவுதான். மெட்ராஸ் பாஷை அவருக்கும் தொற்றிவிட்டது என்று நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அங்க இன்னாத்தையோ பாத்துட்டு வந்துகீறான். அதான் மூஞ்சிய தூக்க மாட்றான்" என்றாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவருக்குச் சோறு போடவில்லை. கரையான்சாவடி வரை கூடப் போய், இனி வர வேண்டாம் என்று நான்தான் கையசைத்துச் சொன்னேன். மறுநாள் அம்மா, அண்ணன் இறந்துவிட்டான் என்றே முடிவுகட்டி, அவனுக்கு ஃபாத்திஹா ஓத வைத்தாள்.

முகாம் காலியான பிறகு, அங்கே சமையல் செய்த நசரத்பேட்டைக்காரர் சட்டை தைக்க வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பெரியவங்க மூஞ்சிய நேரா பாத்தா அவங்க ஊர்ல மருவாத இல்ல அண்ணாத்தே. குந்திக்கினு கீழதான் பாப்பாங்க" என்றார். அவர்கள் பேச்சில் இன்னா என்றால் அம்மா என்றும் சொன்னார். எங்கோ கடல் தாண்டிய மொழி அது, நம் தமிழோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. பெற்றவளைப் போல நினைத்து மரியாதை செய்தவரைத் துரத்திவிட்டோம்.

இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அழுது ஓய்ந்தவளை மறுபடியும் வாசலில் காத்திருக்க வைக்க மனம் வரவில்லை. அண்ணன் வரவும் இல்லை. அதன் பிறகு அவள் "இன்னாடா?" என்று கேட்கும்போதெல்லாம் தரையைப் பார்த்தே பதில் சொன்னேன். என்னுடையது மரியாதை அல்ல.

அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. இன்னா என்று கேட்க இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை அவர் கொடுத்த தொப்பியின் கிழிசலை அந்த வாரமே தைத்துவிட்டேன். வாங்கிப் போக வேண்டியவரை வர வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.