காது ரெண்டும் தெரியணும்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சிரிக்காதீங்க’ என்றால்தான் தெரியும். பாஸ்போர்ட், விசா, அடையாள அட்டை, எதற்குப் படம் வேண்டுமானாலும் அவருடைய ஸ்டூடியோதான். ஒரு முக்காலி, பின்னால் வெள்ளைத் திரை, இரண்டு பக்கமும் குடை மாட்டிய விளக்கு, அவ்வளவுதான் கடை. “நேரா பாருங்க. காது ரெண்டும் தெரியணும். சிரிக்காதீங்க.” இருபத்தோரு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதையே சொன்னால் மனுஷன் என்னதான் ஆவான்? ஆனால் அவர் எடுத்த படத்தை எந்த அலுவலகமும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. ஏழு வயதில் ஒரே மகள். அந்தப் பிள்ளையின் படங்களைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். பிறந்த நாள், கடற்கரை, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள், எல்லாவற்றிலும் ஒரே முகம். வாயை மூடி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, நாளைக்கே விமானம் ஏறப்போகிறவள் மாதிரி நிற்பாள். சரி, படத்தில்தானே என்று விட்டுவிடலாம். அம்மாவோடு இருக்கும்போது கெக்கெக்கென்று சிரிப்பாள். சத்தம் கேட்டு இவர் கடையிலிருந்து ஆசை ஆசையாக ஓடி வருவார். கதவைத் திறந்தால் போதும், அந்தப் பாஸ்போர்ட் முகம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு தடவை தன் கண்முன்னால் அவள் அப்படிச் சிரிக்க மாட்டாளா என்று மனுஷன் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார்.

“அவகூடக் கொஞ்சம் விளையாடுங்களேன்” என்பாள் மனைவி.

“விளையாடுறேனே! நேத்துகூடப் பந்து விளையாடினோம்.”

“விளையாடினீங்களா? பந்த இப்படிப் பிடி, முதுக வளைக்காத, தலைய ஆட்டாதன்னு பாடம்ல நடத்தினீங்க!”

இந்த லட்சணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். கையில் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் நாய்க்குட்டி. “பிடிக்கலேன்னா சொல்லுங்க மாமா, வந்து எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கம்பி நீட்டிவிட்டான்.

மகள் அதற்கு உருண்டை என்று பெயர் வைத்தாள். செருப்பு, தலையணை, கண்ணாடிக் கூடு என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. அவரைக் கண்டால் மட்டும் தனியாக ஒரு வேலை செய்யும். முன்னங்கால் இரண்டையும் தரையில் பரப்பி, தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாலை ஆட்டும்.

“என்னது இது, வயித்து வலியா?”

“விளையாடக் கூப்பிடுதுப்பா” என்றாள் மகள், அதையும் மெதுவாக.

“எனக்கு வேலை இருக்கு” என்று அவர் நடையைக் கட்டினார். உருண்டை அவருடைய கால்சட்டை நுனியைக் கவ்விக்கொண்டு கடைவரைக்கும் தரையில் தேய்ந்தபடியே வந்தது. தெருவே பயப்படுகிற முகம், இந்தத் துக்கடாவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த வாரம் உருண்டைக்குத் தடுப்பூசி போட்ட நாய் டாக்டர், ஊசிக் கணக்கு எழுத ஓர் அட்டை கொடுத்து, அதில் நாயின் படம் ஒட்டி வரச் சொன்னார். சின்னதாக, சதுரமாக ஒரு கட்டம். அதைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்தது. அன்று சாயங்காலமே உருண்டை முக்காலியில் ஏற்றப்பட்டது. விழாமல் பிடித்துக்கொள்ள மகள் பக்கத்தில் நின்றாள்.

“நேரா பாரு. காது ரெண்டும் தெரியணும்.”

அடக் கடவுளே, நாயிடம் சொல்கிறார்! உருண்டைக்கு ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்து தொங்கும். அவர் போய் நிமிர்த்திவிட்டுக் கேமராவுக்குத் திரும்புவார், அது மடிந்துவிடும். ஆறு தடவை நடந்தார். ஏழாவது தடவை காதைத் தொட்டபோது, உருண்டை அவர் விரலிடுக்கில் இருந்த லென்ஸ் மூடியை லபக்கென்று கவ்விக்கொண்டு குதித்தது.

“ஏய்! குடு அத!”

மேசையைச் சுற்றி இரண்டு சுற்று. குனிந்து பிடிக்கப் போனவரின் கால் திரையில் சிக்க, கம்பியோடு மொத்தத் திரையும் அவர் தலைமேல் வந்து விழுந்தது. முட்டி போட்டபடி துணியை விலக்கிக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். வாய்வரைக்கும் வந்துவிட்டது கோபம்.

எதிரே மகள் நின்றாள். வாயை இறுக மூடியிருந்தாள். சிரிப்பை முழுங்கிக்கொண்டு, அப்பா திட்டப்போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக அந்த முகத்தை அவளுக்கு மாட்டிவிட்டது தான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உருண்டைக்கு இதெல்லாம் தெரியுமா? மூடியைக் கீழே போட்டுவிட்டு, முன்னங்காலைப் பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கி நின்றது.

அவர் அதையே பார்த்தார். பிறகு இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றினார். தலையைத் தாழ்த்தினார். தலையில் திரையோடு, ஐம்பதை நெருங்கும் அந்த இடுப்பை மெதுவாக மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டினார்.

மகள் வெடித்துச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விழுந்து புரண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பழக்கதோஷம், கை கேமராவைத் தேடிப் போனது. பாதி வழியில் கையை இழுத்துக்கொண்டார்.

“அப்பா, இன்னொரு தடவ விழுப்பா!”

விழுந்தார். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. அவசர விசாவுக்குப் படம் எடுக்க வந்த ஒருவர், வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான கடைக்கு வந்துவிட்டோமோ என்று பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த ஊசிக்குப் போனபோது டாக்டர் அட்டையைப் புரட்டினார். கட்டம் காலியாக இருந்தது.

“என்ன சார், ஸ்டூடியோ வச்சிருக்கீங்க, ஒரு படம் எடுக்க நேரம் கிடைக்கலயா?”

அவர் தலையைச் சொறிந்தார். மகள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

“எடுக்கத்தான் போனோம் டாக்டர். நானும் அப்பாவும் விளையாடிட்டு இருந்துட்டோம்.”