மஞ்சள் கோட்டுக்குள் சூடம்

காலை 6.20. மலேசியாவின் ஷா ஆலம் பேருந்துப் பணிமனையில் நான் முதலில் பார்த்தது, புதிய பேருந்தின் முன்சக்கரங்களுக்கடியில் இருந்த இரண்டு எலுமிச்சம்பழங்கள். வைத்தவர் என் அண்ணன்; அவர் அந்த வண்டியை எடுப்பதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

இருபத்தாறு ஆண்டுகளாக டீசல் பேருந்து ஓட்டியவர். ஹைட்ரஜன் பேருந்துகளை நகரம் சோதித்துப் பார்க்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு ஓட்டுநர்களில் ஒருவர். சோதனை முடியும்வரை பட்டியலில் இருப்பவர்களே பிறகு மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அண்ணனுக்கு அந்த ஆசை இருந்தது. மூன்று மாதம் ஆங்கிலக் கையேட்டை அகராதியோடு படித்தார். நீர்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் வாயு, புகையே கிடையாது, குழாயில் தண்ணீர்தான் சொட்டும் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது பற்றி எரிந்தால் பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

நெருப்புக்கு இடமில்லாத எல்லையாகப் பேருந்தைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குள் நின்று, சட்டைப்பையிலிருந்து சூடத்தையும் லைட்டரையும் எடுத்தார். சூடம் காட்டாமல் எந்தப் புது வண்டியையும் அவர் எடுத்ததில்லை.

"அண்ணே, நிப்பாட்டுங்க!" பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்தார். தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும்.

"இன்னும் பத்த வைக்கல லா, மா."

"மஞ்சக் கோட்டுக்குள்ள லைட்டர் கொண்டு வந்துட்டீங்களே. டெஸ்ட்ல ஃபர்ஸ்ட் மார்க் வாங்கின ஆளு நீங்க!"

பக்கத்து ஓட்டுநர் சிரித்தார். "சாமி டெஸ்ட் எழுதலையே, மேடம். விடுங்க, நாங்க யாரும் பாக்கல."

"என் காருக்கும் எங்கப்பா சூடம் காட்டினாரு. இத ரிப்போர்ட்டுல எழுதாம விட்டா நாளைக்கு எல்லாரும் காட்டுவாங்க."

அண்ணன் லைட்டரை அவர் கையில் கொடுத்தார். "எழுதிக்கம்மா."

நகரம் ரயில் நிலையங்களில் பதாகைகள் வைத்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பேருந்தில் இலவசமாக ஏற்றிச் சென்றது. பயிற்சியில் சிகரெட்டைப் பற்றியும் கைப்பேசியைப் பற்றியும் பலமுறை எச்சரித்தார்கள். சூடத்தை யாரும் குறிப்பிடவில்லை. அண்ணனின் கணக்கில் சூடம் நெருப்பில் சேரவேயில்லை. ஒரு புதிய எரிபொருள் ஊருக்குள் வரும்போது, ஊர் எதையெல்லாம் நெருப்பென்று நினைப்பதில்லை என்பதையும் யாராவது கேட்டிருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

பிற்பகல் அண்ணனின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மறுவாரம் அந்த அதிகாரி காவலர் கூண்டுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, பூசைக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்.

அண்ணன் கிள்ளான் தடத்தில் டீசல் பேருந்து ஓட்டுகிறார்.